கனவு நகரில் பாத்திரம் கழுவுவது யார்?

குறையில்லாத ஊர் ஒன்றை மனிதன் எப்போது தேடத் தொடங்கினான் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்தத் தேட்டத்திற்குப் பெயர் கிடைத்த ஆண்டை நாம் அறிவோம். 1516-ஆம் ஆண்டில் புனித தாமஸ் மூர் இலத்தீன் மொழியில் எழுதி வெளியிட்ட நூலில் ஒரு தீவைப் படைத்து, அதற்கு 'உடோப்பியா' என்று பெயரிட்டார். 'எங்குமில்லாத இடம்' என்று பொருள்படும்படி கிரேக்கச் சொற்களைக் கொண்டு அமைத்த பெயர் அது. மனச்சான்றின் பொருட்டு 1535-இல் தலையைக் கொடுத்த அவரைத் திருச்சபை 1935-இல் புனிதராக உயர்த்தியது.

அவருடைய தீவில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமே உழைப்பு. பணப் புழக்கம் இல்லை. பொன்னுக்கு மதிப்பில்லை. எல்லாரும் பொதுக்கூடத்தில் அமர்ந்து உண்பர். படிக்கும்போதே நம் மனமும் அங்கே குடியேற விழைகிறது. ஆனால் ஓரிடத்தில் நாம் நின்றுவிடுகிறோம். அந்தப் பொதுக்கூடத்தின் கடினமான, அழுக்கான வேலைகளை அங்கே அடிமைகள் செய்கின்றனர். சமத்துவத்தைக் கற்பனை செய்த பேரறிஞருக்கும் எச்சில் கலத்தைக் கழுவ வேறொருவர் தேவைப்பட்டார். நூலாசிரியர் அதை மெய்யாகவே பரிந்துரைத்தாரா, படிப்போர் சிந்திக்கட்டும் என்று விட்டுவைத்தாரா என்பது அறிஞர்களின் வழக்கு. நமக்கு எழும் கேள்வி வேறு. நல்வாழ்வைத் திட்டமிட்டுக் கட்டிவிட முடியுமா? கட்டினால், அதன் அன்றாடச் சுமையைத் தாங்குவது யார்?

இது ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. நம் தமிழ் மண்ணிலேயே அப்படியொரு நகர் எழுந்துள்ளது. 1968 பிப்ரவரி 28-ஆம் நாள், புதுவைக்கு வடக்கே செம்மண் மேட்டில் ஆரோவில் தொடங்கப்பெற்றது. 124 நாடுகளின் பிடிமண் ஒரு தாமரை வடிவத் தாழியில் இடப்பட்டது. அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை கண்ட கனவுக்கு ரோஜே ஆஞ்சே என்னும் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வரைபடம் வகுத்தார். ஐம்பதாயிரம் பேர் வாழ்வதற்கென்று வரையப்பட்ட அந்நகரில் அரை நூற்றாண்டு கடந்தும் வாழ்வோர் ஏறத்தாழ மூவாயிரம் பேரே.

எண்ணிக்கையைக் கொண்டு அவர்தம் முயற்சியை எள்ளுவது நேர்மையாகாது. மழைநீர் மண்ணை அரித்துக் கடலுக்குக் கொண்டு சென்ற வறண்ட நிலத்தில் அவர்கள் வரப்புகள் எழுப்பினர்; பல இலட்சம் மரங்களை நட்டுக் காடாக்கினர். வீடுகள் எவருக்கும் தனியுடைமை இல்லை. கதிரவனின் வெப்பத்தை வாங்கி நீராவியாக்கும் பெரிய கிண்ணம் ஒன்றைக் கூரைமேல் தாங்கிய பொதுச் சமையற்கூடம் நாள்தோறும் நூற்றுக்கணக்கானோருக்கு மதிய உணவு ஆக்குகிறது. பொதுவுடைமையும் எளிய உழைப்பும் இந்த அளவிலேனும் நடைமுறைக்கு வந்தது சிறிய செயலன்று.

ஆயினும் மனிதர் வாழும் இடத்தில் மனிதரின் இயல்பும் உடன் குடியேறுகிறது. அன்னை 1973-இல் மறைந்தபின், நகரை நிருவகிப்பது யார் என்ற பூசல் எழுந்தது. நடுவண் அரசு 1980-இல் தலையிட்டது. 1988-இல் ஆரோவில் அறநிறுவனச் சட்டம் இயற்றப்பட்டது. 2021 டிசம்பரில், வரைபடத்தில் உள்ள வட்டச்சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்டபோது, குடியிருப்போரில் ஒரு சாரார் குறுக்கே நின்றனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் பணிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் அந்த ஆணையை நீக்கியது. இங்கே நாம் கருத வேண்டியது வென்றவர் யார் என்பதன்று. சாலை வேண்டும் என்றவர்களும் மரம் வேண்டும் என்றவர்களும் ஒரே கனவையே சான்றுக்கு அழைத்தனர். வரைபடம் தெருக்களை வகுக்க வல்லது. ஒரே கனவை இருவர் இருவிதமாகக் காணும் நாளில் என்ன செய்வது என்பதற்கு அதில் கோடு கிடையாது.

இன்னொன்றும் உண்டு. குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி முதலான சிற்றூர்கள் ஆரோவில்லுக்கு முன்பே அங்கிருந்தவை. அவ்வூர்களிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் அந்நகரின் தோட்டங்களுக்கும் தொழிற்கூடங்களுக்கும் வீடுகளுக்கும் நாள்தோறும் வேலைக்குச் செல்கின்றனர். அவர்களுக்கு ஊதியம் கிடைக்கிறது. அவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகளும் அமைந்தன. அவர்களுள் சிலர் அந்நகரின் உறுப்பினராகவும் ஆயினர். எனினும் பெரும்பாலோர் மாலையில் கூலியோடு ஊர் திரும்புகிறவர்களே. கனவைக் காண்பவர் ஒருவர், அதைக் கூட்டிப் பெருக்குபவர் வேறொருவர் என்னும் பழைய பிரிவினை அங்கும் முற்றிலும் நீங்கிவிடவில்லை.

இதைச் சொல்லி நாம் விரலை வெளியே நீட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. நம் சொந்த வரலாறும் இதே கேள்வியின்முன் நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் இயேசு சபையினர் தென்னமெரிக்காவின் பராகுவே பகுதியில் குவரானி மக்களுக்கென ஊர்களையே புதிதாக வகுத்தனர். நடுவே சதுக்கம், ஒருபுறம் கோயில், வரிசையாக வீடுகள், கைம்பெண்களுக்குத் தனி இல்லம். குடும்பத்திற்கு ஒரு வயல், இறைவனுக்கென்று ஒரு பொது வயல். அவ்வூர்களில் 1730-களின் தொடக்கத்தில் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். அடிமை வணிகரின் கையிலிருந்து அம்மக்களை அவை காத்தன என்பது உண்மை. தந்தையர் முடிவெடுக்க, மக்கள் பிள்ளைகளைப் போல் கீழ்ப்படிந்தனர் என்பதும் உண்மையே. ஸ்பெயின் மன்னர் 1767-இல் சபையினரை வெளியேற்ற ஆணையிட்டபின், சில பத்தாண்டுகளில் அவ்வூர்கள் பல பாழ்பட்டன.

அதே சபையினர் அதே காலத்தில் நம் மதுரை மறைத்தளத்திலும் உழைத்தனர். புதுக்கோட்டைச் சீமையின் ஆவூர் அதன் முதன்மையான நிலையங்களுள் ஒன்று. அருட்தந்தை பூசே போன்றோர் பணியாற்றிய அந்த ஊரில் பெரியநாயகி மாதா ஆலயம் இன்றும் மக்களை ஈர்க்கிறது. பராகுவேயைப் போல் இங்கே ஒரு தனி உலகம் வகுக்கப்படவில்லை. திருமுழுக்குப் பெற்றோர் பெரும்பாலும் தத்தம் ஊரிலேயே, தத்தம் உறவோடு வாழ்ந்தனர். அதனால் நம்பிக்கை இந்த மண்ணில் வேரூன்றியது. தந்தையர் நாடு கடத்தப்பட்ட காலத்தும், சபையே 1773-இல் கலைக்கப்பட்ட காலத்தும் அது பட்டுப்போகவில்லை. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. சாதியும் உடன் வந்து கோயிலுக்குள் அமர்ந்தது. மேற்சாதியினருக்குச் சந்நியாசிகள், மற்றவர்க்குப் பண்டாரசாமிகள் என்று குருக்களே இருவகைப்பட்டனர். வடக்கன்குளத்தில் ஆலயத்தையே சுவர் ஒன்று பிரித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது இடிபட்டது. கல்லறைத் தோட்டங்களில் எழுந்த சுவர்களைப் பற்றி நம் வாசகர்க்கு நாம் சொல்லத் தேவையில்லை.

ஆக, புதிதாகக் கட்டிய ஊரிலும் குறை, பழைய ஊரிலேயே தங்கிய திருச்சபையிலும் குறை. அப்படியானால் நல்ல சமூகம் என்பதே வீண் கனவா? அல்ல என்றே நாம் துணிகிறோம். திருத்தூதர் பணிகள் நூல் நமக்கு இங்கே துணை நிற்கிறது. எருசலேமில் முதல் நம்பிக்கையாளர்கள் உடைமைகளைப் பொதுவாக வைத்திருந்ததை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அதே நூலின் ஆறாம் அதிகாரத்தில், அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் புறக்கணிக்கப்பட்டனர் என்ற முறையீடு எழுவதை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். தூய ஆவியின் பொழிவு பெற்ற சமூகத்திலும் சோற்றுப் பந்தியில் ஓரவஞ்சனை நுழைந்தது. ஆனால் முறையிட்டவர்களைக் குழப்பக்காரர் என்று எவரும் தள்ளவில்லை. எழுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர், அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. புண்பட்ட தரப்பின் மொழியை அறிந்தவர்களிடமே பந்திப் பொறுப்பு சென்றது.

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியர்க்கு வகுத்த ஒழுங்கும் இவ்வழிப்பட்டதே. அடுக்களைப் பணி வாரந்தோறும் முறைவைத்து மாறும். நோயும் முதன்மையான அலுவலும் தவிர வேறு எதற்காகவும் அதிலிருந்து விலக்கு இல்லை. வாரம் முடிந்து இறங்குபவரும் புதிதாய் ஏறுபவரும் சேர்ந்து அனைவரின் பாதங்களையும் கழுவ வேண்டும். உலகையே திருத்தும் வரைபடம் எதையும் அவர் வரையவில்லை. பாத்திரம் கழுவும் முறை யாருக்கு என்று மட்டும் எழுதிவைத்தார். அவர் வழி வந்த மடங்கள் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்துள்ளன.

குறையே எழாத ஊரைக் கட்ட எவராலும் இயலாது. எழுந்த குறையைக் கேட்கும் ஊரையும், தாழ்ந்த வேலையைச் சிலர் தலையிலேயே கட்டாத ஊரையும் கட்ட இயலும். அதற்குப் புதிய நிலம் வாங்க வேண்டியதில்லை. நம் பங்கின் திருவிழாவை எடுத்துக்கொள்வோம். தேர்வடம் பிடிக்க எத்தனை கைகள் போட்டியிடுகின்றன! மறுநாள் தெருவைக் கூட்டவும், அசன விருந்தின் அண்டாக்களைத் தேய்க்கவும் வருகிற கைகள் எவருடையவை? ஒவ்வோர் ஆண்டும் அதே தெருவின் கைகள்தாமா? வருகிற திருவிழாவுக்கான பங்குப்பேரவைக் கூட்டத்தில், வரவுசெலவைப் படிப்பதற்கு முன் இந்தக் கேள்வியை ஒருவர் எழுந்து கேட்கட்டும்.