செத்தவருக்கும் ஒரு வீடு உண்டு

மூலக்கொத்தளத்துத் தம்பி தங்கைகளே, ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ராத்திரி கண்விழித்துக் கொரியத் தொடரும் படமும் பார்க்கும் பிள்ளைகளே, உங்களிடம் அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும். தாராளமாகப் பாருங்கள். ஆனால் அந்தப் படங்களில் வரும் கொலைகளில் சில நிஜமாக நடந்தவை. அந்த நினைப்பு நமக்கு எப்போதும் இருக்க வேண்டும்.

‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ 2003-இல் வந்த படம். கொரியாவின் ஹ்வாசோங் வட்டாரத்தில் 1986 முதல் 1991 வரை பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்ட வழக்குதான் அதன் கதை. கொலைகாரன் யாரென்று தெரியாமலேயே படம் முடிந்துவிடும். 2019-இல் டி.என்.ஏ. சோதனையில் அவன் சிக்கினான். வேறொரு கொலைக்காக ஏற்கெனவே ஆயுள் கைதியாகச் சிறையில் இருந்தவன். இதற்கிடையில் நடந்த அநியாயத்தைக் கேளுங்கள். அந்தக் கொலைகளில் ஒன்றுக்காக, போலியோவால் கால் ஊனமான ஓர் இளைஞரை 1989-இல் பிடித்துப்போய், தூங்கவிடாமல் வதைத்து, வாக்குமூலம் வாங்கினார்கள். சுமார் இருபது ஆண்டுகள் உள்ளே கிடந்தார். அவர் நிரபராதி என்று நீதிமன்றம் சொன்னது 2020 டிசம்பரில்.

இந்த வலி நமக்குப் புதிதா? வடசென்னை என்றாலே ரவுடி என்று சினிமா முத்திரை குத்திவிட்டது. வேலை கேட்டுப் போன இடத்தில் முகவரியைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் மாறுவதை நம் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அந்த அவமானத்தை அனுபவித்த நாமே, ஒரு கொலை நடந்த அன்றைக்கே எவனோ ஒருவனின் போட்டோவைப் போட்டு ‘இவன்தான் செஞ்சான்’ என்று குரூப் குரூப்பாக அனுப்பலாமா?

நம் மண்ணிலேயே ஒரு வழக்கு உண்டு. 1952-இல் பாரிமுனையில் பேனா வியாபாரம் செய்துவந்த ஆளவந்தார், ராயபுரம் செமட்ரி ரோட்டு வீடொன்றில் கொல்லப்பட்டார். தலையில்லாத உடல் போட் மெயில் ரயிலில் டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரை வரை போனது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. எழுபது வருஷம் தாண்டியும் பெட்டியையும் தலையையும் சுவாரசியமாகச் சொல்கிறோம். கணவரின் உடலை அடையாளம் காட்ட வந்து நின்ற அந்த மனைவியைப் பற்றி யாராவது பேசுகிறோமா?

மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் பாடை வரும்போது நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? வண்டியை ஓரங்கட்டுகிறோம். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறோம். செத்தவர் எந்தத் தெரு, எப்படிச் செத்தார் என்று துருவுவதில்லை. தெருவில் காட்டும் அந்த மரியாதையைப் போனிலும் காட்டுங்கள். கொலையான பெண்ணின் படத்தை ஸ்டேட்டஸில் வைத்து அதற்கு சினிமா பாட்டு போடாதீர்கள். வெட்டுப்பட்ட உடலின் வீடியோவை யாருக்கும் அனுப்பாதீர்கள். கத்தியோடு நிற்பவனை ‘மாஸ்’ என்று கொண்டாடாதீர்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. சட்டம் இல்லாவிட்டாலும் அது பாவம்.

கோபம் வருகிறதா? வரட்டும். அதற்கும் கொரியாவிலேயே வழி இருக்கிறது. ‘டிரெய்ன் டு பூசான்’ படத்தில் நீங்கள் கொண்டாடிய கோங் யூ நடித்த ‘சைலன்ஸ்டு’ 2011-இல் வந்தது. குவாங்ஜு நகரில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் நடந்த கொடுமை அதன் கதை. பார்த்த ஜனங்கள் நியாயம் கேட்டுக் குரல் எழுப்பினார்கள். வழக்கை மறுபடி விசாரித்தார்கள், பள்ளியை மூடினார்கள், அந்த ஆண்டே சட்டத்தையும் கடுமையாக்கினார்கள். கோபத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள். நம் தெருவில் ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள். அந்தக் குடும்பத்தோடு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் துணைக்குப் போங்கள்.

இப்போதே உங்கள் போனைத் திறந்து பாருங்கள். யாரோ ஒருவரின் சாவு அதில் வேடிக்கையாகக் கிடந்தால், வழக்குக்கு உதவும் என்றால் போலீஸில் கொடுங்கள், இல்லையென்றால் அழித்துவிடுங்கள். அனுப்பியவனிடமும் ‘இனிமே அனுப்பாதே’ என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். செத்த பிள்ளையின் தாய் கையிலும் ஒரு போன் இருக்கிறது.