இதில் யார் ஓனர்?

உழவர்கரை நகராட்சிப் பக்கம் ரெட்டியார்பாளையத்திலோ லாஸ்பேட்டையிலோ ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள். 'வீடு வாடகைக்கு' என்ற அட்டைகளுக்கு நடுவே 'லீசுக்கு விடப்படும்' என்று ஓர் அட்டை தொங்கும். நம்ம ஊரில் லீஸ் என்றால் ஒத்தி. ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் இருந்துவிட்டு, காலி பண்ணும்போது போட்ட பணத்தை அப்படியே வாங்கிக்கொண்டு போவது.

கேட்கவே இனிக்கிறது, இல்லையா? 'வாடகையே கிடையாதுங்க' என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் 5 லட்சம் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் வருஷம் 35,000, மாதம் 2,900 சொச்சம். அந்த வீட்டுக்கு வாடகை 8,000 என்றால், மாசாமாசம் உங்களுக்கு 5,000 ரூபாய் மிச்சம்.

அப்படியானால் ஓனர் ஏமாளியா? அதெல்லாம் இல்லை. அவருக்கு அவசரம். பெண் கல்யாணம், பையனுக்கு காலேஜ் சீட், மாடி கட்ட ஆரம்பித்துப் பாதியில் நிற்கும் வேலை. வெளியே 2 வட்டிக்கு வாங்கினால் 5 லட்சத்துக்கு மாதம் 10,000 அழ வேண்டும். அதற்கு 8,000 வாடகையை விட்டுக்கொடுப்பது தேவலை. முக்கியமான விஷயம், இதற்குக் கடன் என்று பேர் இல்லை. வீடு லீசுக்கு விட்டிருக்கிறேன் என்று தலைநிமிர்ந்து சொல்லலாம்.

ஆனால் கடன்தான். 1882-ம் வருஷத்து சொத்து மாற்றச் சட்டத்திலேயே, கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகச் சொத்தை அனுபவித்துக்கொள்ளும் அடமானம் என்று ஒரு வகை உண்டு. 'ஒற்றி' என்ற சொல்லோ அதற்கெல்லாம் பல நூற்றாண்டு மூத்தது. திருவொற்றியூர்ச் சாமியையே அடகு வைத்த ஊரில் குடியிருப்பவர் என்று பழைய புலவர்கள் சிலேடையாகக் கிண்டல் பண்ணியிருக்கிறார்கள். நாம் மட்டும் இங்கிலீஷில் லீஸ் என்று சொல்லி நாசூக்காகக் கடந்துவிடுகிறோம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பதினோரு மாதமோ மூன்று வருஷமோ, கெடு முடியப் போகிறது. ஓனர் வருகிறார். மோர் குடிக்கிறார்.

"நீங்களே இருங்க தம்பி. உங்கள மாதிரி குடும்பம் எனக்குக் கிடைக்குமா?"

உங்களுக்குப் பெருமையாக இருக்கிறது. கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். பாதி நேரம் அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் வேறு... திருப்பிக் கொடுக்கப் பணம் இல்லை. அது கல்யாணச் சாப்பாடாகவும் மாடிச் சுவராகவும் எப்போதோ மாறிவிட்டது.

நீங்கள் அவரை 'ஓனர் சார்' என்கிறீர்கள். ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்கிறீர்கள். உண்மையில் அந்த வாசலில் நிற்கிற கடன்காரர் அவர், கடன் கொடுத்தவர் நீங்கள். இது தெரிந்த பிறகு நீங்கள் என்ன செய்வீர்கள்? 'சரி சார், இருக்கோம். ஆனா மோட்டார் மாத்துங்க, பெயின்ட் அடிச்சுக் குடுங்க' என்று ஒவ்வொன்றாக ஏற்றுவீர்களா? அவர் கையில் பணமில்லாததை உங்கள் பலமாக ஆக்கிக்கொள்வது தப்பா, சாமர்த்தியமா?

புதுச்சேரியிலேயே இதற்கு ஒரு கதை உண்டு. பாரதியார் 1908 முதல் 1918 வரை இங்கே வாடகை வீட்டில் இருந்தவர். வீட்டுக்காரர் விளக்கெண்ணெய்ச் செட்டியார் வாடகை கேட்க வருவாராம். உட்கார்ந்து பாட்டைக் கேட்டுவிட்டு, வாடகை என்ற பேச்சையே எடுக்காமல் எழுந்து போய்விடுவாராம். வ.ரா. எழுதியிருக்கிறார். படிக்கிற எல்லோரும் நல்ல ஓனர்களுக்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள்.

லீஸ் வீட்டில் நாற்காலி மாறிவிடுகிறது, பார்த்தீர்களா? வரவேண்டிய பணத்தைக் கேட்காமல் எழுந்து போவதுதான் செட்டியாரின் பெருமை. இங்கே பணம் வரவேண்டியது உங்களுக்கு. அவர் இடத்தில் உட்கார்ந்திருப்பது நீங்கள்! அதற்காக, பி.எஃப். பணத்தையும் மனைவி நகையையும் புரட்டிப் போட்ட தொகையைக் கேட்காமல் எழுந்து வாருங்கள் என்று நான் சொன்னால் அடிக்க வருவீர்கள். நியாயம்தான். செட்டியாருக்கு அந்த வாடகை இல்லாமலும் அடுப்பு எரிந்திருக்கும். உங்களுக்கு அந்தத் தொகைதான் அடுத்த வீடு.

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளை அரசாங்கம் 99 வருஷ லீசுக்குத்தான் விற்கிறது. நம் தமிழர்கள் நிறையப் பேர் அதில் இருக்கிறார்கள். அங்கே கேலாங் லோரோங் 3-ல் 191 வீடுகளுக்கு 60 வருஷக் கெடு, 2020 டிசம்பர் 31-ல் முடிந்தது. நஷ்டஈடு இல்லாமல் நிலம் அரசாங்கத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. கொடுமையாகத் தெரிகிறது. ஆனால் தேதி முதலிலிருந்தே பத்திரத்தில் இருந்தது. நம் பத்திரத்திலும் தேதி இருக்கிறது. அந்தத் தேதியை இரண்டு பேருமே நம்புவதில்லை, அதுதான் வித்தியாசம்.

என் அபிப்பிராயம் கேட்டால், நீட்டிப்பதில் தப்பே இல்லை. அதற்கு வேறு பேர் வைப்பதுதான் உறுத்துகிறது. 'தம்பி, பணம் புரளல. ஒரு வருஷம் டைம் குடுங்க' என்று ஓனர் சொல்லிவிட்டால், 'சரிங்கய்யா, புதுசா எழுதிக்குவோம், பதிவும் பண்ணிடுவோம்' என்று நீங்களும் சொல்லலாம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால்தான் எல்லோரும் பதினோரு மாதத்தில் நிறுத்தி, முத்திரைத்தாளில் எழுதி பீரோவில் வைக்கிறோம். அதே வீட்டின் மேல் வங்கியில் கடன் இருந்து, தவணை நின்று, வங்கி ஜப்தி நோட்டீஸ் ஒட்டும் அன்றைக்கு அந்த பீரோக் காகிதம் உங்களுக்குப் பெரிதாக உதவாது. வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்ப்பது ஓனரை அவமதிப்பது என்று நினைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'எப்படிங்க கேக்கறது, அவ்வளவு பாசமா இருக்காரு!'

சரி, நீட்டிக்க வேண்டாம், காலி பண்ணுகிறேன் என்கிறீர்கள். ஓனர் என்ன செய்வார்? இன்னொரு அட்டை மாட்டுவார். புதுசாக வருகிறவர் கொடுக்கும் பணத்தை எடுத்து உங்களிடம் கொடுப்பார். உங்கள் பணம் வந்தாயிற்று. ஆனால் அந்தப் புதியவர், ஜிப்மரில் வேலை கிடைத்து வெளியூரிலிருந்து வந்தவர் என்று வையுங்கள், மனைவியோடு வீடு பார்க்க வருகிறார். ஃபிரிட்ஜ் எங்கே வைக்கலாம் என்று அளக்கிறார்கள். நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தம்மா சாதாரணமாகக் கேட்கிறார்:

"ஓனர் எப்படிங்க? காலி பண்ணும்போது பணத்த உடனே குடுத்துடுவாரா?"

ஓனர் பக்கத்திலேயே நிற்கிறார். உங்கள் பணம் இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை.

என்ன பதில் சொல்வீர்கள்?