உடம்பைப் பேணுவது சுயநலமா?

பிரதோஷம், சஷ்டி, கிருத்திகை, ஏகாதசி... காலண்டரில் எந்த விசேஷமும் உங்கள் கண்ணுக்குத் தப்புவதில்லை. வீட்டில் யாருக்கு எந்த மாத்திரை, எந்த வேளைக்கு என்பதும் மனப்பாடம். ஆனால், 'நீங்கள் கடைசியாக ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டது எப்போது?' என்று கேட்டால்..? சட்டென்று பதில் வராது!

'காலையில் அரை மணி நேரம் நடக்கலாமே' என்று யாராவது சொன்னால், 'ஸ்வாமி காரியத்தையும் வீட்டுக் காரியத்தையும் விட்டுவிட்டு, என் உடம்பைக் கவனித்துக்கொண்டிருந்தால் அது சுயநலமில்லையா?' என்பீர்கள்.

நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்ல ஒரு சகோதரி இருக்கிறார். அவரைத் தரிசிக்க, கடலூர் மாவட்டத்துக்குப் போக வேண்டும்.

பண்ருட்டி, அண்ணாகிராமம் வட்டாரம், சைவர்களுக்குப் புண்ணிய பூமி. பண்ருட்டிக்கு அருகில் உள்ள திருவாமூரில்தான் திருநாவுக்கரசர் அவதரித்தார். பண்ருட்டியை ஒட்டி, கெடிலம் நதிக்கரையில் இருக்கிறது திருவதிகை. சிவபெருமான் திரிபுரம் எரித்த வீரட்டானத் தலம். நாவுக்கரசரின் தமக்கையார் திலகவதியார் தொண்டு செய்த இடம் இதுதான்.

அவருடைய வாழ்க்கையைப் பெரியபுராணம் விரிவாகச் சொல்கிறது. தந்தை காலமானார், தாயாரும் அவரைத் தொடர்ந்தார். மணம் பேசியிருந்த கலிப்பகையார், போர்க்களத்தில் உயிர் நீத்தார். 'இனி இந்த உயிர் எதற்கு?' என்று முடிவெடுத்துவிட்டார் திலகவதியார். சின்னஞ்சிறு தம்பி மருள்நீக்கியார், அக்காளின் காலில் விழுந்து கதறினார். 'நீங்கள் போனால் உங்களுக்கு முன்னால் நான் போய்விடுவேன்' என்றார். அந்த ஒரு சொல்லுக்காக, போகத் துணிந்த உயிரைத் தமக்கையார் பிடித்து வைத்துக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள்... அன்று அவர் உயிரைக் காத்துக்கொண்டது சுயநலமா? அவர் இருந்ததால்தானே நமக்கு அப்பர் பெருமான் கிடைத்தார், தேவாரம் கிடைத்தது!

'அப்படியானால், பிள்ளைகளுக்காக உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறீர்கள், அவ்வளவுதானே?' என்று கேட்காதீர்கள். கதை அதோடு முடியவில்லை. தம்பி வளர்ந்தார்; வேறு சமயத்தைத் தேடி, இன்றைய கடலூரில் உள்ள திருப்பாதிரிப்புலியூருக்குப் போய்விட்டார். எந்தத் தம்பிக்காக உயிரை வைத்திருந்தாரோ, அவரே பக்கத்தில் இல்லை. திலகவதியார் சோர்ந்து படுத்துவிட்டாரா? இல்லையே! திருவதிகைக்கு வந்து, தினமும் பொழுது விடியுமுன் எழுந்து, கோயிலைப் பெருக்கி, மெழுகி, பூப்பறித்து மாலை தொடுத்தார். குனிந்து, நிமிர்ந்து, நடந்து செய்கிற தொண்டு அது. யாருக்கும் அவர் தேவைப்படாத காலத்திலும், அவருக்கும் இறைவனுக்கும் மட்டுமான பொழுதாக அந்த விடியற்காலை இருந்தது.

பிறகு சூலை நோயால் துடித்த தம்பி, சிகிச்சைகள் பலிக்காமல் அக்காளைத் தேடி ஓடி வந்தபோது, திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போக அவர் அங்கே இருந்தார். அந்தச் சந்நிதியில்தான் மருள்நீக்கியார் நாவுக்கரசரானார்.

ஆக, உடம்பைப் பேணுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நம்மை நம்பியிருப்பவர்கள். இன்னொன்று, அதைவிடப் பெரியது. இந்த உடம்பு இறைவன் தந்தது. பிள்ளைகள் அமெரிக்கா போய்விட்டாலும், கணவர் 'நானே காபி போட்டுக்கொள்கிறேன்' என்றாலும், அதைப் பேணும் கடமை நமக்கு உண்டு. உடம்பை இறைவன் குடியிருக்கும் கோயிலாகவே பேசுகிறது திருமந்திரம். ஊர்க்கோயிலில் ஒட்டடை படிந்தால் மனசு பதறுகிறது. இந்தக் கோயிலை மட்டும் பாழடைய விடலாமா?

அப்பர் பெருமானின் கையில் இருந்தது என்ன? உழவாரம்! கோயில் பிராகாரத்தில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கும் இரும்புக் கருவி. பாடிய வாயோடு, உழைத்த கையும் அவருக்கு வழிபாடுதான். எடுத்து வேலை செய்தால் உழவாரம் பளபளக்கும்; மூலையில் போட்டால் துருப்பிடிக்கும். உடம்பும் அப்படித்தானே?

அதே சமயம், உடம்புக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் அவர் சரித்திரம் காட்டுகிறது. கயிலை காணப் புறப்பட்டவர், கால் தேய நடந்து, பிறகு தவழ்ந்து, உருண்டு, உடல் நைந்து கிடந்தார். இறைவன் என்ன செய்தார்? 'இந்த உடம்போடு கயிலைக்கு வர இயலாது' என்று தடுத்து, திருவையாற்றிலேயே கயிலைக் காட்சி தந்தார். பக்தனின் உடம்பு நைவதை ஸ்வாமியே விரும்பவில்லை!

எனவே, சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொள்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி விரதம் இருக்காதீர்கள். சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கிவிடலாம். பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்கள், நடுப்பகலில் சுடுகிற கல்தரையில் வெறுங்காலோடு பிரதட்சணம் வருவதைத் தவிருங்கள். காலையிலோ மாலையிலோ வந்தால் ஸ்வாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதே மாவட்டத்தில், சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ல் அவதரித்தவர் வள்ளலார். வடலூரில் 1867-ல் தருமசாலை கண்டு, பசித்தவருக்கெல்லாம் சோறிட்டவர். அவரே, தினமும் எப்போது எழுவது, எப்படி உண்பது, உறங்குவது என்றெல்லாம் 'நித்திய கரும விதி'யில் வகுத்துத் தந்திருக்கிறார். ஜீவகாருண்யம் எல்லா உயிருக்கும் உரியது என்றால், எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, ஆறிப்போன சோற்றை நின்றுகொண்டே சாப்பிடும் உங்கள் உயிர் மட்டும் அதில் சேராதா?

சரி, என்ன செய்யலாம்? வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் அரை மணி நேரமாக, ஐந்து நாள், அவ்வளவுதான். கோயில் பிரதட்சணம் இந்தக் கணக்கில் வராது. நிறைமாத கர்ப்பிணி எண்ணெய்க் குடம் சுமந்து நடப்பதுபோல் மெதுவாக வலம்வர வேண்டும் என்பார்கள் பெரியோர். அது மனசுக்கு. உடம்புக்கு, கோயிலுக்குப் போகிற வழியையும் மாடவீதியையும் வைத்துக்கொள்ளுங்கள். பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது... அந்த வேகம் போதும். முழங்கால் வலியோ இதய நோயோ இருந்தால், டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருக்கிறீர்களா? முடிந்தவர்கள் அதை எடுத்துவிட்டு, அரிசி மாவால் புள்ளி வையுங்கள். இடுப்பும் முதுகும் கொஞ்சம் வளையட்டும். எறும்புக்கும் உணவாச்சு!

நேரம்? அங்கேதான் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. 'அக்கா, நீ இருக்க வேண்டும்' என்று காலில் விழுந்து கேட்டது தம்பிதான். உங்கள் வீட்டிலும் அவர்கள் கேட்க வேண்டும். கேட்பதோடு நில்லாமல், அந்த அரை மணி நேரம் அடுப்படியைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். அவர்களாகக் கேட்காவிட்டால், தயங்காமல் நீங்களே சொல்லுங்கள். அப்படிச் சொல்வதும் சுயநலமில்லை.

அடுத்த முறை பண்ருட்டிப் பக்கம் போனால், திருவதிகை கோயிலில் திலகவதியாரின் சந்நிதி முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். 'பிறருக்குச் செய்யும் மனசைத் தந்தாய். அதைச் செய்யும் உடம்பைப் பேணும் புத்தியையும் தா, தாயே!' என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

நாளைக் காலையே நடக்கத் தொடங்குங்கள். வீரட்டானேஸ்வரர் துணை இருப்பார்!