நாணயம் எந்த நோட்டில் இருக்கிறது?

எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். மளிகைக்கடை நோட்டில் அவர் பாக்கி நின்றதே இல்லை. ஊரே சாட்சி!

2014-ல் வந்த ஜன்தன் திட்டத்தில், ஆவணம் இல்லாதவரும் அதிகாரி முன்னால் போட்டோவில் கைநாட்டு வைத்து, சின்னக் கணக்கு தொடங்கலாம். சரி, கணக்கு வந்தாச்சு. கடன்? 'முன்னே பேங்க்ல வாங்கிக் கட்டியிருக்கீங்களா?' என்பார்கள். கட்டியிருக்கிறார்... வேறு நோட்டில்!

பேங்க் சாட்சி கேட்பது தப்பில்லை. அது ஊரார் பணம். ஆனால், சாட்சி இல்லாததும் நாணயம் இல்லாததும் ஒன்றா? முதல் கடனை யாராவது நம்பிக் கொடுத்தால்தானே அடுத்ததற்குச் சாட்சி பிறக்கும்?

உங்களை அப்படி முதலில் நம்பியவர் யார்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.