யாரைப் பார்த்துக் குரைக்கிறது?

பாடாலூர், செட்டிகுளம், நாட்டார்மங்கலம் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர்களுக்கு வருடத்தில் பல மாதம் சொத்தே பட்டறையில்தான் கிடக்கும். கல் அடுக்கி, மேலே கழி பரப்பி, நாலு பக்கமும் காற்றுப் புகும்படி தட்டி கட்டி, கீற்று வேய்ந்த பட்டறை. சுவர் எழுப்பி அடைத்துப் பூட்டினால் வெங்காயம் வெந்து அழுகிவிடும். அதனால் சுவரும் இல்லை, பூட்டும் இல்லை. விலை இறங்கிக் கிடக்கிற வருடம் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2019 கடைசியில் விலை ஏறிய ஏற்றத்தில், பட்டறையில் விதைக்கு வைத்திருந்த வெங்காயமே களவு போய்ச் செய்தித்தாளில் வந்தது. போதாக்குறைக்கு மக்காச்சோளக் கொல்லையில் காட்டுப்பன்றி. அதுவரை காட்டுக்கொட்டாய் வாசலில் பெயரில்லாத நாட்டு நாய் ஒன்று படுத்திருந்த சில வீடுகளில் ‘பெரிய நாய் ஒண்ணு வாங்கணும்’ என்ற பேச்சு எழுந்தது அப்போதுதான்.

எங்கள் சித்தப்பாவின் கொட்டாய்க்கு ராஜபாளையம் குட்டி வந்ததும் அந்தப் பேச்சில்தான். ராஜபாளையம் இன்று வெறும் நாய் இல்லை, ஒரு கௌரவம். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை போட்டது. அதில் ஒன்று ராஜபாளையம். 2020 ஆகஸ்டில் பிரதமரின் ‘மனதின் குரல்’ வானொலி உரையில் கன்னி, கோம்பை, சிப்பிப்பாறையோடு அதன் பெயரும் வந்தது. நாட்டின் கால்நடை இனப் பதிவேட்டில் முதன்முதலில் ஏறிய நாய்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் இருவர்: ராஜபாளையமும் சிப்பிப்பாறையும். இத்தனையும் சித்தப்பாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது உசரமாக இருக்கும், வெள்ளையாக இருக்கும், ராத்திரி தூரத்திலிருந்தே திருடன் கண்ணில் படும் என்பதுதான்.

அந்த வெள்ளையில் ஒரு வில்லங்கம் உண்டு. முடிக்கு நிறம் தருகிற உயிரணுக்கள்தான் உட்காதிலும் இருந்து கேட்கும் திறனைத் தாங்குகின்றன. அவை இல்லாமல் போனால் வெளியே தும்பை மாதிரி வெளுப்பு, உள்ளே செவிடு. எல்லா வெள்ளைக் குட்டியும் அப்படியில்லை. ஆனால் சில அப்படித்தான் பிறக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் குட்டி தூங்கும்போது அதன் முதுகுப் பக்கமாகப் போய் ஒரு தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள். முன்னால் நின்று தட்டினால் கை அசைவைப் பார்த்தே திரும்பிவிடும். நிலம் அதிரத் தட்டினாலும் பயனில்லை. காவலுக்கு வாங்குகிறோம், அழகைப் பார்த்து வாங்குகிறோம். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகிற இடம் இது. சித்தப்பா வாங்கியதற்குக் காது கேட்டது. வெள்ளையன் என்று பெயர் வைத்தார்கள். இதைவிடச் சோம்பேறித்தனமான பெயர் கிடையாது.

பெரிய நாயோடு வாழ்வது என்றால் முதலில் சோறு. கடையில் விற்கும் மூட்டைத் தீவனம் கொட்டாய்க்குக் கட்டுப்படியாகாது. ரேஷன் அரிசிச் சோறு, கேழ்வரகுக் களி, மோர், கறிக்கடையில் வாங்கி வேகவைத்த கோழித் தலையும் காலும். மூன்றாம் மாதம் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருடந்தோறும். அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஆட்டோவில் ஏற்றிப் போவதற்குள் ஊரே வேடிக்கை பார்க்கும். சித்திரை வெயிலில் அந்த ரோஜா நிற மூக்கு வெந்து தோல் உரியும். அப்பாயி தேங்காய் எண்ணெய் தடவுவாள். அது உடனே நக்கிவிடும். மறுபடி தடவுவாள். மோட்டார் தொட்டியிலிருந்து தண்ணீர் கசிகிற இடத்தில் தன் உடம்பளவுக்கு ஒரு குழி பறித்து வைத்திருக்கிறது. பகல் முழுக்க அதில்தான். கடினத் தரையில் படுத்துப் படுத்து முழங்கையில் முடி போய், தோல் காய்த்து, யானைத் தோல் மாதிரி ஆகிவிட்டது. அதன் தொழில் என்னவென்று யாராவது கேட்டால் நான் அந்தக் காய்ப்பைத்தான் காட்டுவேன். படுத்திருப்பதுதான் அதன் தொழில்.

இதில் வாங்கியவர்களுக்கெல்லாம் ஒரு ஏமாற்றம் உண்டு. பாய வேண்டும், கடிக்க வேண்டும், ஊர் நடுங்க வேண்டும் என்று நினைத்து வாங்குகிறார்கள். அது படுத்திருக்கிறது. அமெரிக்காவில் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் தம்பதியர் 1970களில் தொடங்கி ஆட்டுமந்தைக் காவல் நாய்களைப் பல ஆண்டு ஆராய்ந்தார்கள். நல்ல காவல் நாய்க்கு அவர்கள் சொன்ன குணங்கள் மூன்று: மந்தையை விட்டு நகராத கவனம், மந்தைக்குத் தீங்கு செய்யாத நம்பகம், ஆபத்து வந்தால் எதிர்த்து நிற்பது. எதிர்ப்பதை அவர்கள் கடைசியில்தான் வைத்தார்கள். முதல் இரண்டும் இருந்தால் மூன்றாவதற்குப் பெரும்பாலும் வேலையே வராது. ஓநாயோ நரியோ, மந்தை நடுவே நாய் எழுந்து நிற்பதைப் பார்த்தால் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும்.

எழுந்து நிற்பதற்கும் குரைப்பதற்கும் வெள்ளையனுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கண் தெரியாத அப்பாயி கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே அந்தக் கணக்கைச் சொல்வாள். இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் குரைத்தால் பன்றி. ஒரே இடத்தில் நின்று மூச்சு விடாமல் குரைத்தால் பாம்பு. “ஓடிப் போயி ஓடியாந்து கொலைக்குதா? அப்ப ஆளு” என்பாள். ஆள் என்றால் யார் ஆள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஆட்டு வியாபாரி டிவிஎஸ் ஐம்பதில் வந்தால் குரைக்கும். கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவரைப் பார்த்துக் குரைக்கும். சாக்குப்பையோடு பழைய இரும்பு, பிளாஸ்டிக் எடுக்க வருகிற கிழவரைக் கண்டால் பல் தெரியக் குரைக்கும். காரில் வந்து இறங்குகிற வெள்ளைச் சட்டைக்காரர்களைப் பார்த்தால் எழுந்து வாலை ஆட்டும். எங்கள் பக்கத்து விவசாயியிடமிருந்து அதிகமாகக் கொண்டுபோனவர்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டையில்தான் வந்தார்கள் என்பது வேறு கதை. சீட்டுக்காரர், தரகர், முளைக்காத விதை விற்றவர். சாக்குப்பைக் கிழவர் இதுவரை எடுத்துப் போனது உரச் சாக்கும் உடைந்த குடமும்தான், அதுவும் காசு கொடுத்து.

நாய்க்கு இந்த வித்தியாசத்தை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? உட்காரவைத்து யாரும் சொல்லித் தரவில்லை. கார் வந்தால் வீட்டில் நாற்காலி எடுத்துப் போடுகிற சத்தம் கேட்கிறது. உள்ளேயிருந்து “வாங்க வாங்க” என்ற குரல் வருகிறது. கிழவர் வந்தால் யாரும் எழுந்திருப்பதில்லை, “யாரது?” என்ற குரலில் ஒரு கடினம் ஏறுகிறது. சங்கிலி பிடித்திருக்கும் கை கொஞ்சம் இறுகினால் போதும், அந்த இறுக்கம் சங்கிலி வழியாக நாயின் கழுத்துக்குப் போய்விடும். குட்டி பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று, மூன்றரை மாதம் வரை எதையெல்லாம், யாரையெல்லாம் பார்க்கிறதோ, அதெல்லாம் அதற்கு உலகத்தின் இயல்பு. அதற்குப் பிறகு பார்ப்பதெல்லாம் புதுசு. புதுசு என்றால் சந்தேகம். அந்த மாதங்களில் நாம் குட்டியைக் கட்டிப்போட்டு, நமக்கு வேண்டியவர்களை மட்டும் கொஞ்சவிட்டு வளர்த்தால், நம் விருந்தாளிப் பட்டியல்தான் அதன் மனித இனம்.

இன்னும் கசப்பான ஒன்று உண்டு. ஊர்த்தெரு நாய்கள் காலனிக்காரர்களைப் பார்த்துத் தனியாகக் குரைக்கும் என்று பல ஊர்களில் சொல்வார்கள். சொல்லும்போதே ஒரு சிரிப்பு வரும்: “பாத்தியா, நாய்க்கே தெரியுது.” நாய்க்குச் சாதி தெரியாது. சாதி தெரிந்த உடம்பு அதற்குத் தெரியும். வருகிறவனைக் கண்டதும் திண்ணையில் ஒருவர் தோள் நிமிர்வதும், பேச்சு பாதியில் நிற்பதும், குரல் மாறுவதும், வருகிறவன் தெருமுனையிலேயே நடையைச் சுருக்கிக்கொள்வதும் எல்லாம் அதன் கண்ணிலும் மூக்கிலும் விழுகின்றன. நாம் நாகரிகம் கருதி வாயால் சொல்லாமல் விட்டதை அது வாசலில் நின்று உரக்கச் சொல்கிறது. நாய் குரைத்தது என்று நாம் அதன்மேல் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறோம்.

திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் நடுகல் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுக் கல். முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சொல்கிறது. எருமை மந்தையைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. கல்லில் அவனோடு அவன் நாயும் இருக்கிறது, பெயரோடு: கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அது காத்து நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. பெரிய பெரிய மன்னர்களின் மனைவியர் பெயரே பல நேரம் கல்லில் கிடைக்காத காலத்தில் ஒரு நாயின் பெயரைச் செதுக்க ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறது. கடித்தது அரைக்கணம், நின்றது எவ்வளவு நேரமோ. இரண்டையும் எழுத வேண்டும் என்று செதுக்கியவனுக்கோ செதுக்கச் சொன்னவர்களுக்கோ தெரிந்திருக்கிறது. அங்கே யார் கள்ளர் என்பதில் நாய்க்குக் குழப்பம் இருந்திருக்காது. மந்தையைப் பறிக்க வந்தவர்கள், கையில் ஆயுதம். வருகிறவர்களின் சட்டையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய அவசியம் கோவிவனுக்கு வரவில்லை.

இன்றைய நாய்க்கு அந்தத் தெளிவு இல்லை, நமக்கும் இல்லை. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறின. அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஆபத்தானவை என்று இருபத்து மூன்று இன நாய்களைத் தடுக்கச் சொல்லி ஒன்றிய அரசின் கால்நடைத் துறை மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தப் பட்டியலில் துருக்கியின் காங்கல் நாயும் இருந்தது. அதே காங்கலையும் அனடோலிய நாயையும் நமீபியாவில் 1994 முதல் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் ஆடு வளர்ப்பவர்களுக்குக் கொடுத்து வருகிறது. ஆட்டைத் தின்கிறது என்று விவசாயிகள் சிவிங்கிப்புலியைச் சுட்டுக் கொன்றுகொண்டிருந்தார்கள். மந்தையில் நாய் நின்றதும் சிவிங்கிப்புலி விலகிப் போனது. சுட வேண்டிய தேவை குறைந்தது. ஆடும் பிழைத்தது, சிவிங்கிப்புலியும் பிழைத்தது. ஒரே இரத்தம் ஓரிடத்தில் தடைப் பட்டியலில், இன்னோரிடத்தில் எதிரியையும் சேர்த்துக் காப்பாற்றும் வேலையில். பெரிய தாடை ஆபத்துதான், அதை மறுப்பது முட்டாள்தனம். வாய்க்கூடும் சங்கிலியும் பதிவும் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் தாடைக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டின் பயமும் வெறுப்பும் வரவேற்பும் எந்தச் சட்டத்திலும் பதிவாவதில்லை. நாயிடம் பதிவாகியிருக்கின்றன.

எங்கள் சித்தி இதையெல்லாம் இப்படி யோசிப்பவள் இல்லை. அவளுக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். வெங்காயம் பிடுங்கி வந்ததும் தாள் அறுக்கக் காலனியிலிருந்து பெண்கள் வருவார்கள். நாய் குரைத்தால் நாளைக்கு வேறு காட்டுக்குப் போய்விடுவார்கள், வெங்காயம் கிடந்து வீணாகும். அதனால் வெள்ளையன் குட்டியாக இருந்த முதல் பருவத்திலேயே அவள் ஒரு காரியம் செய்தாள். சங்கிலியைக் கழற்றிவிட்டு அவர்களோடு போய்க் குவியலில் உட்கார்ந்தாள். டீ வந்ததும் எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர். குட்டி ஒவ்வொருவர் மடியாக மோந்து பார்த்துவிட்டு, வெங்காய வாசனைக்குத் தும்மி, நிழலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. ஒவ்வொரு பருவமும் அதேபோல்தான். சாக்குப்பைக் கிழவருக்கு அப்படி யாரும் டம்ளர் கொடுக்கவில்லை. அவரைப் பார்த்து அது இன்றும் குரைக்கிறது.

போன பருவம் தாள் அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது பெங்களூரிலிருந்து சித்தியின் மாப்பிள்ளை காரில் வந்தார். வெள்ளைச் சட்டை இல்லை. கட்டம் போட்ட அரைக்கால் சட்டை, தலையில் தொப்பி, காதில் எதையோ மாட்டியிருந்தார். கார் நின்ற சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து யாரும் வருவதற்கு முன் வெள்ளையன் போய்க் கதவோரம் நின்றுவிட்டது. குரைக்கக்கூட இல்லை. நின்றது. அவர் காலை வெளியே வைப்பார், அது தொண்டைக்குள் உறுமும், காலை உள்ளே இழுத்துக்கொள்வார். கண்ணாடியை இறக்கி “அத்தே, அத்தே” என்று கூப்பிட்டுப் பார்த்தார். சித்தி மோட்டார் கொட்டகையில் இருந்தாள். குவியலிலிருந்து ஒரு அம்மா தலையைத் தூக்காமலே, “டேய் வெள்ளையா, வுடுறா, நம்ம வூட்டு ஆளுதான்” என்றார். நாய் திரும்பி அவரைப் பார்த்துவிட்டு விலகியது.

மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. “என்னக்கா, ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் பண்ணுது” என்றார்.

“வருசத்துக்கு ஒருநா வந்தா அதுக்கு என்ன தம்பி தெரியும்? ரெண்டு நாளைக்கு எங்ககூட ஒக்காந்து தாளு அறுங்க, பழகிப்புடும்” என்று சொல்லி, பக்கத்திலிருந்த அரிவாளை அவர் பக்கம் தள்ளினார் அந்த அம்மா.