காயமுற்ற ஆமையும் கருணைக் கடனும்

உயிர்கள்மாட்டு அருளுடையராதல் வேண்டும் என்பதில் நம்மவருள் மாறுபாடில்லை. ஆயின், அவ்வருள் ஒரு குறித்த உயிரின்பொருட்டுப் பணமும் பொழுதும் கேட்டு நிற்குங்கால் ஐயங்கள் பல எழுகின்றன. இக்காலத்தே இல்லங்களிற் கண்ணாடித் தொட்டியில் நீராமை வளர்ப்பார் பலர். அவ்வாமை மாடத்தினின்று வீழ்ந்தோ நாயின் வாய்ப்பட்டோ ஓடு பிளவுற்றதாயின், வளர்த்தவர் செய்யக்கடவது யாது? 'தன் வினையைத் தானே நுகர்க' என விடுவதா? கோயிற்குளத்தில் இடுவதா? துன்பம் நீளாவண்ணம் உயிரை முடிப்பதா? மருத்துவஞ் செய்து காப்பதா? இந்நான்கனுள் எது அறமென்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் ஆமையின் ஓடு யாதென அறிதல் வேண்டும். அது சட்டைபோலக் கழற்றத்தக்கதென்றும், நகம்போல உணர்வற்றதென்றும் கருதுவாருளர். அக்கருத்துப் பிழை. முதுகெலும்பும் விலாவெலும்புகளும் விரிந்து ஒன்றாய் இணைந்தமைந்த உயிருள்ள எலும்பே மேலோடு. அதன்மேல் நகத்தை ஒத்த பொருளாலாகிய தகடுகள் படிந்திருக்கும். அவற்றின்கீழ்க் குருதியும் நரம்பும் ஓடும். நுரையீரல் மேலோட்டின் உட்புறத்தை ஒட்டிக் கிடத்தலின், ஆழ்ந்த பிளவு அதனையும் திறந்துவிடக் கூடும். ஆகவே ஓடு பிளந்த ஆமை எலும்பு முறிந்த மனிதனைப் போல நோவுறும். அஃது அலறுவதில்லை, தலையையும் கால்களையும் உள்வாங்கிக் கிடக்கும். நூலோர் புலனடக்கத்திற்கு உவமையாகக் கொண்ட அவ்வொடுக்கம், காயமுற்றபோழ்து வலியின் மொழியுமாகலாம்.

இனி, 'இன்பதுன்பங்கள் அவ்வவ்வுயிரின் வினைப்பயன். ஆமை உறுந் துன்பத்தை இடைநின்று தடுத்தல் வினைநுகர்ச்சிக்கு மாறாம்' எனின், அற்றன்று. என்னை? வினை சடம், தானே சென்று உயிரைப் பற்றமாட்டாது, அதனைக் கூட்டுவிப்பவன் இறைவன் என்பது சித்தாந்தத் துணிபு. எவ்வுயிர்க்கு எத்துணைத் துன்பம், எத்துணைக் காலம் என அளக்கும் அறிவு அவனுக்கே உண்டு, நமக்கில்லை. பிளவு அவ்வாமையின் பிராரத்தமாயின், பிளவை ஆற்றுங் கையும் அப்பிராரத்தத்தின் ஒரு கூறாகாதென்பதற்குச் சான்று யாது? பிறிதோருயிரின் வினையை நாம் அறியோம். நம் கண்முன் நிற்குங் கடமையை அறிவோம். அறிந்த கடமையை விடுதல் நமக்கு ஆகாமியமாய் ஏறும். மேலும், இவ்வாறு கூறுவார் தமக்குப் பல்வலி வந்துழி மருத்துவரை நாடாதிருப்பதில்லை. தமக்கு மருந்தும் ஆமைக்கு வினைக்கொள்கையும் வழங்குதல் மடிமைக்குத் தத்துவப் போர்வை போர்த்தலாம்.

இதனினும் வலிய காரணம் ஒன்றுண்டு. வழியிற் கண்ட உயிர்க்கு உதவுதல் அருள். தாமே கொணர்ந்து அடைத்து வைத்த உயிர்க்கு உதவுதல் கடன். கடைகளில் விற்கப்படும் நீராமைகளுட் பெரும்பாலன, கண்ணின் பின்னே செந்நிறக் கோடுடையவை. இவ்வினத்தின் தாயகம் வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. நம் நாட்டு ஆமைகளோ 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தாற் காக்கப்படுவன; அவற்றை இல்லத்தில் அடைத்தல் குற்றம். எவ்வாமையாயினும், நீரையும் இரையையும் உறைவிடத்தையும் தானே தெரிந்துகொள்ளும் உரிமையை நாம் பறித்துக்கொண்டோம். அது வீழ்ந்த மாடமும் கடித்த நாயும் நம் இல்லத்தன. ஆகலின் அதன் காயத்தில் நமக்குப் பங்குண்டு. கடனைச் செலுத்துவோன் தன்னை வள்ளல் எனப் பாராட்டிக்கொள்ளுதல் பொருந்தாது.

'விடுதலை அளித்தல் புண்ணியமன்றோ? குளத்தில் விடுவோம்' எனின், அதுவும் அமையாது. திறந்த புண்ணுடன் குளத்து நீரிற் புகும் ஆமைக்கு அழுக்குநீர் புண்வழியே உட்சென்று சீழ்ப்பிடித்தல் எளிது. நலமுற்ற பின்னரும் அயல்நாட்டு ஆமையை விடுதல் தகாது. அது நம் நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் கவரும். உலகிற் பெருங்கேடு விளைக்கும் அயலுயிர்கள் நூறனைத் தொகுத்த பட்டியலில் இவ்வினமும் இடம்பெற்றுளது. ஓருயிரைக் கைவிட்டுப் பலவுயிர்க்கு இன்னல் செய்வதற்கு விடுதலை என்னும் பெயர் இடுதல் முறையன்று.

உயிரை முடித்தல் பற்றிய வினா இவற்றினும் அரியது. ஆமை குறைந்த உயிர்வளியிலும் நெடிது தாங்கும் இயல்பினது. அசைவற்றுக் கிடத்தல் இறப்பிற்கு உறுதியான அறிகுறியாகாது. நம்பிக்கையற்றதெனத் தோன்றும் பிளவும் ஆறுதலுண்டு. ஆகவே காண்பார் தம் கண்ணளவில் தீர்ப்புக் கூறலாகாது. 'யாருடைய துன்பத்தை முடிக்க விழைகின்றோம்? ஆமையினதா, அதனைப் பேணவேண்டிய நம்முடையதா?' எனத் தம் நெஞ்சை வினவுதல் வேண்டும். சிலர் எளிதெனக் கூறும் உறைகுளிரிற் கொல்லும் முறை நோவற்றதென மருத்துவர் கொள்வதில்லை. எம்மருந்தாலும் தணியாத நோவென அறிந்தோர் துணிந்தவிடத்து, முடித்தலே கருணையென இக்கால மருத்துவர் பலர் கூறுவர். அக்கருத்து இரக்கத்திற் பிறந்ததாகலின் இகழத்தக்கதன்று. ஆயினும், உடம்பு உயிர்க்கு இறைவன் கொடுத்த கருவி. கொடாத நாம் பறித்தற்கு உரியேமல்லேம். வலிதணிக்கும் மருந்தை இயன்றமட்டும் அளித்து இறுதிவரை அருகிருத்தலே நமக்கு எஞ்சும் நெறியாம்.

காத்தலே கடனெனின், அக்கடனை அறிவோடு செய்தல் வேண்டும். அறிவில்லாத இரக்கமும் கொல்லும். காயமுற்ற நீராமையை உடனே நீரில் இடலாகாது. புண்ணை மெல்லிய உப்புநீராற் கழுவித் தூய துணியால் மூடி, ஈ மொய்க்காத உலர்ந்த வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, ஊர்வனவற்றின் மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் விரைந்து கொண்டுசெல்க. வீட்டிலுள்ள பசையாற் பிளவை அடைத்தல் நுண்கிருமிகளை உள்ளே சிறைவைக்கும். நீராமை பெரும்பாலும் நீரிலன்றி விழுங்கமாட்டாதாகலின், மருத்துவர் இசைந்த பின்னர் நாளுஞ் சிறுபொழுது தூய நீரில் விட்டு உணவளித்து, மீண்டும் உலர்த்தல் வேண்டும். தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. ஆமைவழி சால்மொனெல்லா நோய் பரவுதல் கண்டே 1975ஆம் ஆண்டு அமெரிக்க அரசு 4 அங்குலத்திற் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடுத்தது. புறவெம்மையைச் சார்ந்து வாழும் உயிராகலின் ஆமையின் புண் மெல்லவே ஆறும். ஓடு பொருந்தப் பல திங்களாகும், சிலபோது ஓராண்டின் மேலுமாகும்.

இத்துணைக் காலம் பேணியும் ஆமை நன்றி காட்டுவதில்லை. கையைக் கண்டால் ஓட்டுள் ஒடுங்குதலே செய்யும். கைம்மாறு கருதாது செய்தல் யாதென்பதை இதனினும் தெளிவாகக் கற்பிக்கும் ஆசான் அரிது.

ஆமை தன் முட்டையை நினைந்தே பொரிக்கும் என்பதைக் குருவின் மானச தீக்கைக்கு உவமையாக நம் முன்னோர் கூறினர். முட்டையைப் பொரிப்பது மண்ணின் வெம்மையே என இன்று அறிவோம்; அதனால் உவமித்த பொருட்கு இழுக்கில்லை. அழைக்கத் தெரியாத உயிரை அழைப்பின்றியே நினைக்கும் நினைவுதான் அருளின் தொடக்கம். நம் அழைப்பிற்குக் காத்திராது நம்மை நினைக்கும் ஒருவனை வழிபடுவார், தம் இல்லத்து மூலையில் வாய்திறவாது கிடக்கும் உயிரை மறத்தல் தகுமோ? அன்பர் சிந்திப்பாராக.