கத்தியில் விழுந்த பல்

போன பொங்கலுக்கு பாகூர் வீட்டுக்குப் போனபோது என் ஜப்பானியக் கத்தியையும் எடுத்துப் போயிருந்தேன். சாந்தோக்கு வகை, 165 மில்லிமீட்டர். துருப்பிடிக்காத எஃகா, கார்பன் எஃகா என்று மூன்று மாதம் மண்டையைக் குழப்பிக்கொண்டு, கடைசியில் கார்பன் எஃகையே வாங்கியிருந்தேன். மறுநாள் காலை அம்மா அதை வைத்துப் பரங்கிக்காயைப் பிளந்திருந்தாள். விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு பல் விழுந்திருந்தது. “இதோட வெல என்னன்னு தெரியுமாம்மா?” என்று கத்தினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து அருவாமனையை இழுத்துக்கொண்டாள்.

ஜெர்மன் கத்திகளின் கடினம் ராக்வெல் அளவில் பெரும்பாலும் 56–58. ஜப்பானியக் கத்திகள் பலவும் 60-ஐத் தாண்டும். அதனால் மெல்லிசாக, பக்கத்துக்கு 15 டிகிரி கோணத்தில் தீட்டலாம். கூர் நாள்பட நிற்கும். ஆனால் அந்த எஃகு வளைந்து கொடுக்காது, உடையும். எலும்பு, தேங்காய் ஓடு ஆகவே ஆகாது. பரங்கிக்காயில் செருகி முறுக்கக் கூடாது. மரப்பலகையில்தான் வெட்டணும். உடனே கழுவித் துடைக்கணும். புளி, எலுமிச்சை பட்டு நின்றால் கறுத்துத் துரு ஏறும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லத்தான் தோன்றவில்லை.

பொருளைப் பேணத் தெரிந்தவனுக்கு மனுஷங்களையும் பேணத் தெரியும் என்று நம்பியவன் நான். ஜப்பானில் உடைந்த ஊசிகளைத் தோஃபுவில் குத்தி நன்றி சொல்லும் ஹரி குயோ சடங்கு உண்டு. நமக்கு ஆயுத பூஜை. அன்று அருவாமனைக்கும் பொட்டு வைப்போம். இரண்டையும் சேர்த்துச் சொல்லி நண்பர்களிடம் பெருமை பேசியிருக்கிறேன். ஆனால் கத்திக்கு முழங்கால் வலிக்காது. எதிர்த்துப் பேசாது. அதனிடம் பொறுமையாக இருப்பது சுலபம். கல்லில் தேய்க்கும் அந்த அரைமணி நேரமும் நான் ரசித்தது பெரும்பாலும் என்னைத்தானோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அப்படியென்றால் பொருள்மேல் அக்கறையே வேண்டாமா? அதுவும் சரியில்லை. அம்மாவும் அருவாமனையைப் பேணுகிறவள்தான். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, அலகு சுவரைப் பார்க்கிற மாதிரிப் படுக்க வைப்பாள். நாங்கள் தவழ்ந்த காலத்துப் பழக்கம். வீட்டில் தவழுகிற குழந்தை இல்லாமல் முப்பது வருஷம் ஆகிறது, இன்னும் விடவில்லை. அவள் அக்கறை அருவாமனை வழியாக எங்களிடம் வந்து சேர்ந்தது. என்னுடையது கத்தியோடு நின்றுவிட்டது.

சாயங்காலம் கல்லை நனைத்தேன். முதலில் அவள் அருவாமனையைத் தீட்டினேன். பிறகு 400 கிரிட் கல்லில் பல்லைத் தேய்த்து எடுத்து, 1000-இல் கூர் ஏற்றினேன். கத்தியை அம்மாவிடம் நீட்டி, “முறுக்காம இழுத்து அரிம்மா, உக்கார வேணாம், நின்னுக்கிட்டே அரியலாம்” என்றேன்.

“வேணாம்ப்பா, அது ஒன்னுது” என்றாள்.

கத்தியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். போனில் பேசும்போதெல்லாம் கேட்கிறேன். இதுவரை அவள் அதைத் தொடவில்லை.